கண்டவன் ஓடணும்

ஆகஸ்ட் 5, சனி

ஏலக் கமிட்டி கூடியது. விளைச்சலைக் காணிக்கை கொடுக்கிற எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தை இந்த வருஷமும் நானே நடத்த வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம். கை தட்டினார்கள். தட்டியதைப் பார்த்தேன்.

ஏலம் போடுகிறவனுக்குத் தொண்டைதான் முக்கியம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. தொண்டை கிடக்கட்டும், காதுதான் வேண்டும். எனக்கு இல்லாதது அதுதான். இடது காது மில்லிலேயே போய்விட்டது. வலது காதில் கட்டைக் குரல்கள் பக்கத்தில் இருந்தால் கேட்கும். பெண்கள், பிள்ளைகள், பறவைகள் எல்லாம் என்னைப் பொறுத்தவரை வாயசைக்கும் படங்கள். நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் மேஸ்திரியாக இருந்ததற்குப் பென்ஷன் வரவில்லை, இது வந்தது.

வெளியூரில் இருக்கிற மகனை விட்டால், ஊரில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று என் மனைவி புஷ்பம். இன்னொருவர் ஆல்பின், மேட்டு இல்லத்தின் மேனேஜர். இந்த வருஷ ஏலத்தில் வருவதெல்லாம் அந்த இல்லத்துக்குத்தான். ஆளற்றுப் படுக்கையில் கிடக்கிற வயசாளிகளை வைத்துப் பார்க்கிற இடம். எங்கள் ஊர் செம்மண்விளையில் வீடு வீடாகப் போய் அதற்குக் கை நீட்டுகிற வேலை என்னுடையது. எனக்காக நீட்டினால் கை கூசும். அவர்களுக்காக நீட்டும்போது கூசுவதில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

பஜாரில் பால்துரையைப் பார்த்தேன். எங்கள் மில்காரன். அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் பஸ்ஸும் லாரியுமாய் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே கையால் அரை மணி நேரம் பேசினோம். மகள் பிரசவம், முட்டுவலி, கொத்தனார் கூலி எல்லாம் பேசி முடித்தோம். புஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள்.

மில் ஓடும்போது கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் எங்களுக்கென்று ஒரு கைப்பாஷை. உதட்டில் இரண்டு விரல் வைத்தால் டீ. மீசையைத் தடவினால் சூப்பர்வைசர் வருகிறார். கன்னத்தில் உள்ளங்கை என்றால் அவர் தூங்குகிறார், நீயும் போய்த் தூங்கு.

ஒரே ஒரு சைகையை மட்டும் விளையாட்டுக்கும் காட்டக்கூடாது. ஒரு கையால் மற்ற கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக் காட்டுவது. ஆள் மாட்டிக்கொண்டான், மெஷினை நிறுத்து என்று அர்த்தம். அதைக் கண்டவன் யார், என்ன, ஏன் என்று கேட்கக்கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். 'கண்டவன் ஓடணும், கேள்வி அப்புறம்' என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்போம். அப்புறம் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான். 'கண்ட உடனே ஓடுனியா?'

ஒருமுறை என் முழுக்கைச் சட்டை, பஞ்சைச் சீவுகிற கார்டிங் மெஷினின் பெல்ட்டில் சிக்கி இழுத்தது. பால்துரை மணிக்கட்டைப் பிடித்துக் காட்ட, நாலு மெஷின் தள்ளி நின்ற திரவியம் ஓடிவந்து சுவிட்சை அடித்தான். இந்த இடது கை இன்றைக்கும் என்னோடு இருப்பது திரவியத்தின் காலால்தான். அதன் பிறகு முழுக்கைச் சட்டை போட்டவனை நான் மில்லுக்குள் விட்டதில்லை.

திரவியம் இப்போது மேட்டு இல்லத்தில்தான் இருக்கிறான். பக்கவாதம், இடது பக்கம் விழுந்துவிட்டது. மகன் துபாயில். இங்கே சேர்த்துவிடு என்று மகனுக்கு யோசனை சொன்னவன் நான்.

ஆகஸ்ட் 12, சனி

இல்லத்துக்குப் போனேன். பார்வை நேரம் இனி சனிக்கிழமை நான்கிலிருந்து ஐந்து வரை மட்டும் என்று கேட்டில் புதுப் பலகை. ஒழுங்கு வேண்டும்தானே.

ஆல்பின் எல்லோருக்கும் புதிதாக வெள்ளை முழுக்கைச் சட்டை வாங்கிப் போட்டிருக்கிறார். பெண்களுக்கும் முழுக்கை ஜாக்கெட். வரிசையாகப் படுத்திருந்ததைப் பார்த்தால் கோயிலில் திருவிருந்து வாங்கத் தயாரானதுபோல் இருந்தது. புழுக்கம் தாங்கவில்லை, எனக்கே சட்டை முதுகில் ஒட்டியது. கொசுக்கடிக்காக என்றார் ஆல்பின்.

இடம் முன்னைப்போல் இல்லை, அமைதியாகிவிட்டது. எனக்கு எல்லா இடமும் அமைதிதான், அது வேறு. ஆனால் வாய்கள்கூட அசையவில்லை. திரவியம் தூங்கிக்கொண்டிருந்தான். மாலை நாலரைக்கு இப்படி ஒரு தூக்கம்!

ஆகஸ்ட் 15, செவ்வாய்

பள்ளியில் கொடியேற்றம், இரண்டு மிட்டாய். வீட்டுக்கு வந்தால் அடுப்படியெல்லாம் புகை. புஷ்பம் குக்கரை வைத்து மூன்று விசிலில் அணைக்கச் சொல்லிவிட்டுக் கொல்லைக்குத் துவைக்கப் போயிருந்தாள். தலையை ஆட்டினேனாம். பருப்பு கரியாகி, குக்கர் அடியும் போயிற்று. பழைய குக்கர், விசில் சரியாக வராது என்றேன். புஷ்பம் என் முகத்துக்கு நேரே வந்து நின்று பார்த்துவிட்டு, குக்கரைத் தேய்க்கப் போனாள்.

மகன் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி அனுப்பிய காது மெஷின் பீரோவில் இருக்கிறது. செவிடன் காதில் சங்கு ஊதினாற்போல் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் சங்குக்காகத்தான் வருத்தப்படுகிறார்கள். அந்த மெஷினைப் போட்டுக்கொண்டு ஏல மேடையில் நின்றால் ஊர் என் வாயைப் பார்க்காது, காதைத்தான் பார்க்கும். அடுத்த வருஷம் வேறு ஆள்.

ஆகஸ்ட் 19, சனி

இன்று திரவியம் விழித்திருந்தான். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டதால் உதட்டைப் படிக்க முடியவில்லை. குரலும் குழறல், என் காதுக்கு எட்டவில்லை. அவன் பாட்டுக்கு என்னவோ சொன்னான். நான் தலையை ஆட்டிக்கொண்டே பண்டிகைக்கு வரப்போகிற வாழைத்தார்களைப் பற்றிச் சொன்னேன்.

வலது கையால் செத்த இடது கையைப் பிடித்துப் பிடித்துக் காட்டினான். மணிக்கட்டுப் பக்கம்.

"உணர்ச்சி திரும்புதான்னு பாக்குதாரு அண்ணாச்சி. இந்த வியாதில அப்படித்தான்" என்றார் ஆல்பின். இருக்கும்.

ஆல்பினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னோடு பேசும்போது தானாகவே என் வலது பக்கம் வந்து நிற்பார். நல்ல கட்டைக் குரல், நிறுத்தி நிறுத்திப் பேசுவார். இந்த ஊரில் நான் முழுதாகக் கேட்கிற பேச்சு அவருடையது ஒன்றுதான். போன வருஷ ஏலத்தில், பின்வரிசையில் ஒருவர் விலையை ஏற்றிக்கொண்டே போக, நான் பாட்டுக்கு மூணு தரம் சொல்லி முடிக்கப் பார்த்தேன். இவர்தான் சட்டென்று மேடையேறி இடுப்பருகே விரல் காட்டி என்னைக் காப்பாற்றினார். அன்றைக்கு முழுவதும் என் பக்கத்திலேயே நின்றார். வெளியே ஒரு வார்த்தை விடவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மேலத்தெருவில் வசூல். பண்டிகைக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டு போகிற வேலை. பனங்கருப்பட்டி, முருங்கைக்காய், ஒரு சேவல், சில கேக்குகள் தேறின.

காது போனவனுக்கு ஒரு வித்தை உண்டு. எதிராளி பேசி நிறுத்தி முகத்தைப் பார்த்தால் புன்னகையோடு தலையை ஆட்ட வேண்டும். முக்கால்வாசிப் பேச்சு அதிலேயே முடிந்துவிடும். மீதிக் கால்வாசிதான் வில்லங்கம். இப்படித்தான் போன கிறிஸ்மஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவாக ஆனேன். இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது.

"உங்க தலை ஒருநாள் நம்ம குடிய வித்துட்டு வரப்போவுது பாருங்க" என்பாள் புஷ்பம். அதற்கும் தலையை ஆட்டுவேன்.

செப்டம்பர் 2, சனி

இல்லத்திலிருந்து இறங்கி வரும்போது வேலிமுள் புதர்ப் பக்கம் ரூபாவதி நின்றிருந்தாள். இல்லத்தில் ஆயா வேலை பார்க்கிற பெண், முப்பத்தைந்து வயசிருக்கும். என்னைப் பார்த்ததும் வந்து படபடவென்று பேசினாள். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு பேசினால் நான் எதைப் படிப்பது? கண்ணெல்லாம் தண்ணீர். இரண்டு தடவை மேட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் ஏதோ கஷ்டம்போல. "கர்த்தர் பாத்துக்கிடுவாரும்மா. நான் கவனிக்கேன்" என்று சொல்லித் தலையை ஆட்டினேன். சட்டென்று முகம் தெளிந்துவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். எழுதும்போது அந்தத் திருப்தி இல்லை.

செப்டம்பர் 9, சனி

ரூபாவதி இல்லை. அரிசி திருடினாள், நிறுத்திவிட்டேன் என்றார் ஆல்பின். இப்போது ராத்திரிக்கு ஆள் உண்டா என்று கேட்டேன். "நான் ஒருத்தன் போதும் அண்ணாச்சி. எல்லாரும் சமத்தாத் தூங்கிருதாவ" என்றார்.

திரவியம் விழித்திருந்தான். நான் உட்காருவதற்குள் கை போய்விட்டது. வலது கை, இடது மணிக்கட்டு, இறுக்கமான பிடி. பிடித்தபடி என் கண்ணையே பார்த்தான். விட்டான். மறுபடி பிடித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. பக்கவாதக்காரர்களுக்குக் கண்ணீர் தானாக வரும் என்று ஆல்பின் சொல்லியிருக்கிறார்.

சட்டைக் கைப்பொத்தான் சதையில் பதிகிற அளவுக்கு இறுக்கமாக இருந்தது. தளர்த்திவிடலாம் என்று கை வைத்தேன். தோளில் ஒரு கை விழுந்தது. ஆல்பின். "மணி அஞ்சு, அண்ணாச்சி."

எதற்கு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்? நாளைக்குத் தென்னந்தோப்பு பொன்னையாவைப் பார்த்துத் தேங்காய் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

தூக்கமில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டாள் புஷ்பம். வாயு என்றேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கமிட்டியைச் சபை அலுவலகத்தில் உட்காரச் சொன்னார் குருவானவர். மின்விசிறி தலைக்கு நேரே கடகடவென்று ஆடிக்கொண்டு சுற்றியது. எனக்கு அதன் இரைச்சல் மட்டும்தான் வந்தது. குருவானவர் தாடிக்குள்ளிருந்து நெடுநேரம் பேசினார். செயலாளர் ஏதோ சொன்னார். ஒருவர் மேஜையைத் தட்டினார். முகங்கள் சரியில்லை.

பிறகு குருவானவர் என் பக்கம் திரும்பி என்னவோ கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அவருக்குப் பின்னால் சுவரோரம் ஆல்பின் நின்றிருந்தார். ஏலத்தில் எனக்கு வழி காட்டுவதுபோல் மெதுவாகத் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார்.

நானும் ஆட்டினேன்.

அறையில் ஒரு பாரம் இறங்கினது தெரிந்தது. செயலாளர் பெருமூச்சு விட்டார். ஒருவர் என் முதுகில் தட்டினார். குருவானவர் கண்ணை மூடி ஜெபித்தார். எல்லோர் வாயும் ஆமென் என்றது, நானும் சொன்னேன்.

வாசலில் ஆல்பின் என் கையைப் பிடித்து அழுத்தினார். கை ஈரமாக இருந்தது.

செப்டம்பர் 18, திங்கள்

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். புஷ்பம் பரிமாறவில்லை. நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு, என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். செயலாளர் மனைவி சொல்லி இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ரூபாவதி பாஸ்டர் ஐயாகிட்ட பிராது சொல்லிருக்கா. இல்லத்துல கெழடு கெட்டைகள மாத்திரை குடுத்து, கைய கட்டிலோட சேத்துக் கெட்டிப் போடுதாவளாம். தடம் தெரியாம இருக்க முழுக்கைச் சட்டையாம்."

தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"மொதல்ல உங்ககிட்டதான் சொன்னாளாம். அண்ணாச்சி கவனிக்கேன்னு சொன்னாவன்னு நம்பி ஒரு வாரம் வாயத் தொறக்காம இருந்தாளாம். அதுக்குள்ள அவளைத் திருடின்னு வெளிய தள்ளியாச்சு."

விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நேத்து ஐயா உங்ககிட்ட என்ன கேட்டாவ தெரியுமா? நீங்கதான் வாரா வாரம் போறிய, அங்க எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கான்னு கேட்டாவ. நீங்க ஆமான்னு தலைய ஆட்டிட்டிய. உங்க சாட்சிதான் பெரிசுன்னு அத்தோட முடிச்சுட்டாவ. ஏல நேரத்துல இல்லத்துக்குக் கெட்ட பேரு வேண்டாம்னு எல்லாருக்கும் ஒரு நிம்மதி."

அப்புறம் என் கண்ணை உற்றுப் பார்த்தாள். "கெட்டலைன்னு நீங்க பாத்தியளா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான். இந்தத் தடவை கேள்வி நன்றாகவே புரிந்திருந்தது.

சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

செப்டம்பர் 21, வியாழன்

பீரோவிலிருந்து காது மெஷினை எடுத்தேன். போட்டதும் உலகமே தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல் இருந்தது. என் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று தெரியாது. புஷ்பத்திடம் சொல்லாமல் மேட்டுக்கு நடந்தேன்.

கேட் பூட்டியிருந்தது. காவலாளி சனிக்கிழமை வரச் சொன்னான். சரி என்று திரும்பிச் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்தேன். பின்பக்கம் வந்தபோது கேட்டது. இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம். டண், டண், கொஞ்சம் நின்று மறுபடி டண். கட்டிலை யாரோ அசைப்பதுபோல. அதோடு இன்னொன்றும் கேட்டது, மனிதக் குரல். பேச்சு இல்லை.

தண்ணீர் மோட்டாராக இருக்கும். பழைய மோட்டார் அப்படித்தான் அடிக்கும்.

மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். சத்தம் நின்றுவிட்டது.

செப்டம்பர் 23, சனி

ஆல்பின் கேட்டிலேயே காத்திருந்தார். வழக்கம்போல வலது பக்கம் வந்து நின்றார்.

"வியாழக்கிழமை வந்தியளாமே அண்ணாச்சி. சொல்லிட்டு வந்திருந்தா காப்பி போட்டு வச்சிருப்பேன்லா."

உள்ளே நடந்தேன். கூடவே வந்தார்.

"ஏலத்துக்கு ஒண்ணும் கவலைப்படாதிய. போன வருசம் மாரியே பக்கத்துலயே நிப்பேன். உங்களுக்குக் காது அவுட்டுன்னு நான் எங்கயாவது வாயத் தொறந்திருக்கனா? நான் உங்களப் பாத்துக்கிடுதேன். நீங்க என்னையப் பாத்துக்கிடுங்க." சிரித்தார். நல்ல பல்வரிசை.

திரவியம் தூங்கினான். போன மாதம் பார்த்ததில் பாதி ஆளாகிவிட்டான். ஆல்பின் போன் பேசப் போன நேரத்தில் கைப்பொத்தானைக் கழற்றிப் பார்த்தேன். தோலில் வளையம்போல் சுற்றிலும் சிவப்பு. ஒரு இடத்தில் கசிந்து சட்டையோடு ஒட்டியிருந்தது. வெயில் காலம், வியர்க்குரு இப்படி ஆகும்.

பொத்தானைத் திரும்பப் போட்டுவிட்டேன். போடும்போது அவன் விழித்துவிட்டான். இந்தத் தடவை கையைப் பிடித்துக் காட்டவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 30, சனி

போகவில்லை. சாமான் சேகரிக்கிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

அக்டோபர் 7, சனி

நாளைக்குப் பண்டிகை. கோயில் முற்றத்தில் பந்தல் போட்டாயிற்று. கருப்பட்டிச் சிப்பம், பூசணி, வாழைத்தார், கயிறு கட்டிய ஆட்டுக்குட்டி என்று வந்துகொண்டே இருக்கிறது. மைக் செட்காரனிடம் சத்தத்தைக் கூட்டி வை என்றேன். கூட்டித்தான் இருக்கிறது என்று சைகை காட்டினான்.

இன்றும் இல்லத்துக்குப் போகவில்லை.

புஷ்பம் மூன்று வாரமாக என்னோடு பேசுவதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு சமைக்கிறாள். ஒருவேளை பேசுகிறாளோ என்னவோ, முதுகை எப்படிப் படிப்பது?

ஒரே ஒரு நாள் ஏலம் நல்லபடியாக நடந்துவிட்டால் இல்லத்துக்குப் பணம் வரும், ஆள் போடலாம், எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆண்டவரிடமும் அதையேதான் சொன்னேன். அவரும் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்.

அக்டோபர் 8, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

ஆராதனை முடிந்து பதினொன்றரைக்கு மேடையேறினேன். ஜனம் முற்றம் கொள்ளாமல் நின்றது. ஆல்பின் என் வலது பக்கம். முதலில் ஒரு தேங்காய். எங்கள் ஊர் வழக்கப்படி ஏலம் எடுத்தவர் அதைத் திரும்ப மேடைக்கே கொடுத்துவிடுவார், மறுபடியும் ஏலம் போடுவோம். அந்தத் தேங்காய் எட்டுப் பேரிடம் போய் வந்தது. ஆல்பின் இடுப்பருகே விரல் காட்டக் காட்ட, நான் விலையைக் கூவி, பாஸ்டர் கிண்டல், பொண்டாட்டிக் கிண்டல் எல்லாம் அவிழ்த்துவிட்டேன். வாய்கள் எல்லாம் சிரித்தன. முன்வரிசையில் புஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை.

சேவல் போயிற்று. கருப்பட்டி போயிற்று. அடுத்ததாக ஆல்பின் ஒரு பொட்டலத்தைப் பிரித்து என் கையில் தந்தார். காதருகே சொன்னார். "ஜவுளிக்கடைக்காரர் குடுத்தது அண்ணாச்சி. யார் எடுத்தாலும் இல்லத்துக்கே வந்துரும்."

புது வெள்ளை முழுக்கைச் சட்டைகள்.

ஒன்றை எடுத்து ஜனம் பார்க்க உயர்த்திப் பிடித்தேன். கை இரண்டும் தொங்கின. கைப்பொத்தான்கள் போட்டு இறுக்கியிருந்தன. காற்றில் அந்த வெற்றுக் கைகள் அசைந்தன. விலை சொல்ல வாயைத் திறந்தேன்.

கூட்டத்தில் என் கண் அங்கங்கே நின்றது. வேப்பமரத்தடியில் பால்துரை. பந்தல்காலைப் பிடித்தபடி ராசையா. பின்னால் பெஞ்சில் பழைய கார்டிங் செக்‌ஷன் ஆட்கள் நாலைந்து பேர். எல்லோரும் நான் வேலைக்கு எடுத்தவர்கள். முதல் நாளே நான் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள்.

முடிவெடுத்தேன் என்று எழுத மாட்டேன். சட்டை கீழே விழுந்தது. மைக்கை மேஜைமேல் வைத்தேன். என் வலது கை போய் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்தது. இரண்டையும் தலைக்கு மேல் தூக்கினேன்.

ஊர்ஜனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிலர் சிரித்தார்கள், புது விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள். ஆனால் பால்துரையின் கையிலிருந்த டீ டம்ளர் கீழே விழுந்தது. ராசையா பந்தல்காலை விட்டான். பெஞ்சு காலியானது. எழுபது வயசு முட்டுகளோடு அவர்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னை நோக்கி ஓடி வந்தார்கள். ஒருத்தன்கூட ஏன் என்று கேட்கவில்லை. எங்கே என்பதற்கு மட்டும் தாடையைத் தூக்கினான் பால்துரை.

மேட்டைக் காட்டினேன். அப்படியே திரும்பி ஓடினார்கள்.

ஆல்பின் என் முழங்கையைப் பிடித்தார். அவர் சொன்னதும் எனக்கு நன்றாகக் கேட்டது. "அண்ணாச்சி, வேண்டாம். நான் வாயத் தொறந்தா உங்க மானம் போயிரும்."

மைக்கை எடுத்தேன். "எனக்குக் காது கேக்காது" என்றேன். "ரொம்ப வருசமாக் கேக்காது. போன வருசம் ஏலம் போட்டது நான் இல்ல, ஆல்பின் விரலு. அன்னைக்கு பாஸ்டர் ஐயா என்ன கேட்டாவன்னு தெரியாமத்தான் தலைய ஆட்டுனேன். ரூபாவதி சொன்னது நெசம். திரவியம் கையில தடத்த நான் பாத்தேன்."

அந்த நிமிஷம் முற்றத்தில் என்ன சத்தம் எழுந்தது என்று எனக்குத் தெரியாது. வாய்கள் திறந்திருந்தன. குருவானவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன். ஆட்டுக்குட்டியின் வாயும் திறந்திருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது கேட் சாய்ந்து கிடந்தது. ஞாயிறு பகல் பன்னிரண்டரை மணி, பார்வை நேரம் இல்லை. வரிசையாகக் கட்டில்கள். கிழித்த வேட்டித் துணியால் ஒவ்வொரு மணிக்கட்டும் கட்டில் சட்டத்தோடு கட்டிக் கிடந்தது. பால்துரை பல்லால் முடிச்சுகளைக் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். கடைசிக் கட்டிலில் ஒரு கிழவிக்கு அவிழ்த்தும் கை அப்படியே நின்றது. அவளுக்கு விடியுமுன்னமே உயிர் போயிருக்கும் என்றார்கள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. அவளுக்காக நான் வீடு வீடாகப் போயிருக்கிறேன்.

"ஆளு பத்தாது. உருண்டு விழுந்துருவாவன்னுதான் கெட்டுனேன்" என்று ஆல்பின் போலீஸிடம் சொன்னார். சொல்லும்போது அழுதார். அதுவும் பொய்யாக இருக்காது.

திரவியத்தைத் தூக்கிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு இருந்தது.

அக்டோபர் 9, திங்கள்

புஷ்பம் காப்பி கொடுத்தாள். எதிரே உட்கார்ந்தாள். "மெஷினப் போட்டுக்கிடுங்க" என்றாள். போட்டுக்கொண்டேன். காப்பியை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவளுடையது.

ரூபாவதி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிவிட்டாள். கதவு மூடுகிற சத்தமும் கேட்டது.

அக்டோபர் 12, வியாழன்

திரவியத்துக்கு நினைவு நன்றாகத் திரும்பிவிட்டது என்று பால்துரை வந்து சொன்னான். போனேன். ஆஸ்பத்திரி அரைக்கைச் சட்டை. இரண்டு மணிக்கட்டிலும் மருந்துக் கட்டு. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவன் வலது கையை என் கைக்குள் எடுத்துக்கொண்டேன். மெஷின் காதில் இருந்தது.

 கோணிய வாயில் எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன். பிறகு குழறிக் குழறிக் கேட்டான். பக்கவாதம் வந்த பிறகு அவன் பேசி எனக்குக் கேட்ட முதல் பேச்சு அதுதான்.

"ஏலே... வேதமாணிக்கம்... நான் காட்டுனத... அன்னைக்கே கண்டியால?"

காது கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை. காதுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. இல்லை என்று தலையை ஆட்டினால் நம்புவான். அவன் என்னை எப்போதும் நம்புகிறவன்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

என் கைக்குள்ளிருந்த கையை அவன் மெதுவாக உருவிக்கொண்டான்.